மனுவில் ஒரே ஒரு ‘மன்னிப்பு’

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு மேலே மனு எழுத உட்கார்ந்து முப்பது வருஷம் ஆகிறது. டைப்ரைட்டர் போய்விட்டது, பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வந்துவிட்டது. போன மாதம் அந்த சென்டர் தம்பி ஒரு அம்மாவுக்கு அடித்துக் கொடுத்த மனுவை எட்டிப் பார்த்தேன். ‘தாங்கள் கருணை கூர்ந்து, இரக்கம் காட்டி, என்னை மன்னித்து, அருள் புரியுமாறு...’ என்று போகிறது. அந்த அம்மாவுக்கு வேண்டியது ரேஷன் கார்டில் பெயர்த் திருத்தம். எழுத்தைப் பிழையாக அடித்தது எங்கோ ஒரு கம்ப்யூட்டர். மன்னிப்புக் கேட்டது இந்த அம்மா.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வயிறு எரிந்தது. 1996-இல் இதே மாதிரி ஒரு வரியை நானும் எழுதியிருக்கிறேன்.

இரக்கம், இறக்கம்

மேட்டுப்பாளையம் போகிற வழியில் இருப்பது இறக்கம். மனுவில் கேட்பது இரக்கம். அவ்வளவுதான்.

எல்லாச் சொல்லையும் ஒரே வரியில் கொட்டுவது

கருணை, இரக்கம், பரிதாபம் எல்லாம் ஒன்று, எத்தனை போடுகிறோமோ அத்தனை பலம் என்று ஒரு நினைப்பு. ஒன்று இல்லை.

மழையில் தேயிலைக் கொழுந்து மூட்டையோடு நிற்கிறவரை பஸ்ஸுக்குள் இருந்து பார்த்து ‘ஐயோ பாவம்’ என்கிறோமே, அது பரிதாபம். பஸ் நகர்ந்தால் அதுவும் முடிந்தது. அவர் ஏறியதும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தால் இரக்கம். மனசு இளகிக் கூட நிற்பது அது. சாவு வீட்டுக்கு அனுப்புவதை ‘இரங்கல்’ செய்தி என்கிறோம், அதுவும் இதே வேர்தான்.

கருணைக்கு இன்னொன்று வேண்டும், அதிகாரம். டிக்கெட்டுக்குக் காசில்லாதவரைக் கண்டக்டர் இறக்கிவிடலாம், யாரும் கேட்க முடியாது. இறக்காமல் அவர் ஊர் வரை கொண்டுபோய் விட்டால் அது கருணை. பக்கத்து சீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரால் அதைச் செய்ய முடியாது. ஆகவே கருணை கேட்பதற்கு முன்னால், எதிரில் இருப்பவர் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அப்ளிகேஷன் வாங்கி சீல் வைக்கும் கிளார்க்கிடம் கருணை கேட்டு அவர் என்ன செய்வார்?

அருள்

ஊட்டி எல்க் ஹில் கோயில் முருகனுக்கு எழுதும்போது எழுதுங்கள்.

மன்னிப்பு

இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

1996-இல் அந்த வரியை நான் எழுதிக் கொடுத்தது ஒரு அக்காவுக்கு. ஒரு எஸ்டேட்டில் 22 வருஷம் கொழுந்து எடுத்தவர். தேயிலைச் செடியைக் கிளை வெட்டிக் கவாத்து செய்த காட்டிலிருந்து ஒரு கட்டு விறகு தூக்கிக்கொண்டு, தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் போகும்போது வாட்ச்மேன் பிடித்துவிட்டார். திருட்டு என்று மெமோ வந்தது, ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“நான் திருடலைங்க ஐயா. மேஸ்திரிதான் எடுத்துக்கச் சொன்னாரு.”

“பணிவா எழுதினா மேனேஜர் துரை இளகிடுவாருக்கா, நான் பாத்துக்கறேன்” என்றேன். எழுத வந்து இரண்டு வருஷம்தான், அதற்குள் அவ்வளவு தைரியம். ‘அறியாமல் செய்த பிழையை மன்னித்து, தொடர்ந்து வேலை வழங்குமாறு’ என்று அழகாக டைப் அடித்தேன். மேஸ்திரி சொன்னதை எழுதவே இல்லை. அவரைக் கோர்த்துவிட்டால் துரைக்குக் கோபம் வரும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அக்கா படிக்காதவர். நம்பிக் கைநாட்டு வைத்தார்.

உள்விசாரணையில் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் வாசித்தார்களாம். ‘பிழை’, ‘மன்னித்து’ என்ற இரண்டு சொல்லுக்கும் கீழே சிவப்பு பென்சில் கோடு. பிறகு மேஸ்திரியைக் கூப்பிட வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லாமல் போயிற்று. வேலை போனது. அதோடு நிற்கவில்லை. அப்போது இருந்த 1972-ஆம் வருஷத்துப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டப்படி வருஷத்துக்கு 15 நாள் கூலி. 22 வருஷத்துக்கு 330 நாள் கூலி வர வேண்டும். பணியின்போது ஒழுக்கக்கேடான குற்றம் செய்து நீக்கப்பட்டவருக்கு அதை முழுவதுமாக மறுக்கவும் அதே சட்டம் இடம் தந்தது. அதைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். தொழிலாளர் துறைக்கு மூன்று வருஷம் அலைந்து, கடைசியில் சமரசம் பேசிப் பாதிதான் கைக்கு வந்தது.

மன்னிப்புக் கேட்டால் தப்பு செய்தேன் என்று ஆகிவிடும். பொறுத்துக்கொள்ள எதிரில் ஒரு குற்றம் இருந்தால்தானே அந்தச் சொல்லுக்கே வேலை? கருணைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ‘விறகு எடுத்தது உண்மை. மேஸ்திரி சொன்னதால் எடுத்தேன். ஒருவேளை இதைக் குற்றம் என்று நிர்வாகம் கருதினாலும், என் 22 வருஷ உழைப்பைப் பார்த்துக் கருணையோடு முடிவெடுக்க வேண்டும்.’ இந்த மூன்று வரி போதும். இதில் பணிவுக்கு என்ன குறை? ஆனால் கைநாட்டு எந்தக் குற்றத்துக்கும் கீழே விழவில்லை.

தூக்குத் தண்டனைக் கைதியின் மனுவுக்குக்கூடக் கருணை மனு என்றுதான் பெயர், மன்னிப்பு மனு இல்லை. அரசியல் சட்டத்தின் 72-ஆம் பிரிவில் குடியரசுத் தலைவருக்கும் 161-இல் ஆளுநருக்கும் அந்த அதிகாரம் இருக்கிறது. முழு மன்னிப்பு அதில் ஒரு வகை மட்டுமே. தூக்கை ஆயுளாக மாற்றுவதும் கருணைதான், அப்போது குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும். 1988-இல் கேஹர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது. கருணை மனுவைப் பார்க்கும் குடியரசுத் தலைவர் சாட்சியங்களைத் தாமே புதிதாக எடை போட்டு, நீதிமன்றம் கண்டதற்கு மாறான முடிவுக்கும் வரலாம் என்றது. அதாவது ‘நான் செய்யவில்லை’ என்று சொல்லிக்கொண்டே கருணை கேட்கலாம். தூக்கு மேடையில் நிற்பவருக்கு உள்ள இந்த வசதியைத்தான், ஒரு கட்டு விறகுக்காக வந்த அக்காவிடமிருந்து நான் பிடுங்கினேன்.

சில வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். மகனோடு திருப்பூரில் இருப்பதாகச் சொன்னார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம், நாலு பேர் முன்னால் திட்டியிருந்தாலும் நியாயம்தான். “ஐயா, இன்னும் இங்கதான் உக்காந்திருக்கீங்களா, டீ சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார்.

கண்ணோட்டம்

தமிழ் இலக்கியம் படித்த ஒரு தம்பி ‘தங்கள் கண்ணோட்டத்தை வேண்டி’ என்று எழுதிவிட்டு வந்தார். எந்த விஷயத்தில் அபிப்பிராயம் வேண்டும் என்று ஆபீஸில் கேட்டார்களாம். இந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்குப் பார்வை, கருத்து என்றுதான் பொருள். ஆனால் தம்பி சொன்னது தப்பில்லை. குறளில் கண்ணோட்டம் 58-ஆவது அதிகாரம், பொருட்பாலில், அரசனுக்குச் சொன்னது. அருளுடைமையோ 25-ஆவது, துறவறவியலின் முதல் அதிகாரம். நாற்காலியில் இருப்பவனின் இரக்கத்தையும் துறவியின் இரக்கத்தையும் ஒரே சொல்லில் அடைக்கவில்லை வள்ளுவர். ‘கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு’ என்று அதிகாரிக்கு ஒரு எல்லையும் போட்டிருக்கிறார்: வேலை கெடாமல் இரங்கு. எனக்கு மிகவும் பிடித்த சொல். மனுவில் மட்டும் வேண்டாம்.

‘கருணை அடிப்படை’ என்பதை நம்பி அழுவது

அரசு வேலையில் இருந்தவர் இறந்துபோனால் வாரிசுக்குத் தரும் வேலைக்குக் கருணை அடிப்படையிலான நியமனம் என்று பெயர். பெயரில்தான் கருணை, உள்ளே முழுக்க விதி. தமிழ்நாட்டு விதிப்படி, இறந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் விண்ணப்பம் போட வேண்டும். வீட்டுக் கஷ்டத்தை நாலு பக்கம் எழுதி, வாரிசுச் சான்றிதழ் வைக்காமல் கொண்டுபோகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். கஷ்டத்துக்கு அரைப் பக்கம் போதும். தேதியைப் பாருங்கள்.

உரிமையைக் கருணையாகக் கேட்பது

வேண்டாம். பணிக்கொடை, சம்பள பாக்கி, பி.எஃப். எல்லாம் ‘வழங்க வேண்டும்’. ‘கருணை கூர்ந்து’ இல்லை.

ரேஷன் கார்டு மனுவுக்கு வருகிறேன். தம்பியை உட்கார வைத்து ஒவ்வொன்றாக அழிக்கச் சொன்னேன். கருணை போயிற்று, இரக்கம் போயிற்று, மன்னிப்பு போயிற்று, அருளும் போயிற்று. பிழையான பெயர், சரியான பெயர், ஆதார் நகல், இவ்வளவுதான் மிச்சம். அந்த அம்மாவுக்குத் திருப்தி இல்லை. இப்படி மொட்டையாகக் கொடுத்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டார். தம்பி என் முகத்தைப் பார்த்தான். சரி, ஒரு ‘தயவுசெய்து’ போட்டுக்கொள் என்றேன்.