நாலு டிராக் மெஷினுக்கு காலி கேசட் தேடுறீங்களா, இதை பாத்துட்டு வாங்குங்க

பழைய போர்ட்டாஸ்டூடியோ (சாதா கேசட்லயே நாலு டிராக்கை தனித்தனியா பதியற மெஷின்) ஒண்ணு சல்லிசா கிடைச்சிருச்சு, என்ன கேசட் போடுறதுன்னு முழிக்கிறவங்களுக்குத்தான் இது. டாஸ்கம் 144 வந்தது 1979ல, அப்பலேர்ந்து இந்த ஜாதி மெஷினெல்லாம் பெரும்பாலும் டைப் 2, அதாவது குரோம் வகை டேப்புக்குத்தான் செட் பண்ணி வரும், அதனால டிடிகே எஸ்ஏ இல்லன்னா மேக்செல் எக்ஸ்எல்2 தேடுங்க. இப்ப புதுசா தயாராகி வர்றது பெரும்பாலும் டைப் 1, அதாவது சாதா டேப், அதுலயும் பதியலாம், இரைச்சல் கொஞ்சம் கூட இருக்கும் அவ்ளோதான். மெட்டல் டேப் வேண்டாம், உங்க மெஷின்ல அதுக்கான செட்டிங் இல்லன்னா காசு தண்டம்.

நாலு டிராக்கும் ஒரே பக்கமா ஓடுறதால பி சைடுங்கிற பேச்சே கிடையாது. சி60 (ரெண்டு பக்கமும் சேத்து 60 நிமிஷம்) போட்டா 30 நிமிஷம், டேப்பை ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டுற டபுள் ஸ்பீடு மெஷின்னா வெறும் 15, அதே டபுள் ஸ்பீடுல சி90ன்னா 22 நிமிஷம் சொச்சம். சி120 பக்கமே போயிடாதீங்க, டேப் ரொம்ப மெல்லிசு, நாம ஒரு பல்லவிக்கே அம்பது தடவ முன்னாடி பின்னாடி ஓட்டுவோம், அது தாங்காது.

சரி எங்க வாங்குறது. நம்ம சிங்கப்பூர்ல பழைய சாமான் விக்கிற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில மூடினதுக்கு அப்புறம் எல்லாம் கரோசெல்ங்கிற செகண்ட் ஹேண்ட் ஆப்தான். வெளிநாட்டு ஆன்லைன் கடையில வாங்கினா 9% ஜிஎஸ்டியும் போஸ்டேஜும் சேத்து கணக்கு போடுங்க, பல நேரம் இங்கயே வாங்குறது லாபமா இருக்கும். ஆனா என் அனுபவத்துல நல்ல சரக்கு இருக்கறது சொந்தக்காரங்க வீட்டு பாம் ஷெல்டர்லதான் (வீட்டுக்குள்ளயே இருக்கிற பதுங்கு அறை, நாம ஸ்டோர் ரூமா வச்சிருப்போம்), எங்க பெரியம்மா ஒரு பிஸ்கட் டின் நிறைய எஸ்ஏ குடுத்தாங்க, எல்லாம் ரேடியோவுல பாட்டு பிடிச்சு வச்சது.

அங்கதான் நான் மாட்டிக்கிட்டேன். முதல் ரெண்டு டிராக்ல கிட்டார் பதிஞ்சுட்டு மூணாவது டிராக்கோட ஃபேடரை (சத்தம் கூட்டிக் குறைக்கிற தள்ளு பட்டன்) ஏத்தினா ஒரு பொம்பள குரல் தலைகீழா பாடுது! ராத்திரி பதினோரு மணி வேற. விஷயம் என்னன்னா, மூணும் நாலும் அந்த கேசட்டோட பழைய பி சைடு, நாம பதியாத டிராக்கை மெஷின் அழிக்காது. அதனால பழைய கேசட்டுன்னா முதல்ல நாலு டிராக்கையும் ரெக்கார்ட்ல போட்டு ஃபேடரை எல்லாம் இறக்கிட்டு கடைசி வரை ஓட விடுங்க. பெரியம்மாகிட்ட கேட்டுட்டு அழிங்க, அது முக்கியம்.

நம்ம ஊர் ஈரக்காத்துக்கு பிராண்டெல்லாம் ஒண்ணும் கிடையாது, கண்டிஷன்தான் எல்லாம். கேசட் ஜன்னல் வழியா போன் டார்ச் அடிச்சு பாருங்க, டேப் சுருள் மேல வெள்ளையா மாவு தூவின மாதிரி இருந்தா பூஞ்சை, எவ்ளோ சல்லிசா குடுத்தாலும் விட்டுருங்க, ஒண்ண ஓட்டினா ஹெட்ல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். அப்புறம் வாய்ப்பக்கம் நடுவுல செம்பு பட்டை மேல சின்னதா ஒரு பஞ்சு துண்டு இருக்கும், பேனா முனையால லேசா தொட்டு பாருங்க, பழசுல பசை காஞ்சு அது கழண்டு விழுந்துரும், அது போச்சுன்னா டேப் ஹெட்ல ஒழுங்கா படாம சத்தம் அமுங்கி அமுங்கி வரும். டிபிஎக்ஸ்ங்கிற இரைச்சல் குறைக்கிற வசதியை போட்டு பதியறவங்களுக்கு இது இன்னும் மோசம், டேப்ல 2 டெசிபெல் குறைஞ்சா வெளிய 4 டெசிபெல் குறைஞ்சு கேக்கும். ஆன்லைன்ல வாங்கினா இந்த ரெண்டு இடத்தையும் க்ளோசப் படம் அனுப்ப சொல்லுங்க, அனுப்ப யோசிக்கிற ஆள்கிட்ட வாங்காதீங்க. அஞ்சு ஸ்க்ரூ போட்ட கேசட்டா பாத்து எடுங்க, திறந்து ரிப்பேர் பண்ணலாம், ஒட்டி மூடினதுல அதுக்கு வழியில்ல.

நல்லதா ஒண்ணு அமைஞ்சா அதே மாடல்ல அஞ்சாறு சேத்து வாங்கிடுங்க. பதியறதுக்கு முன்னாடி ஒரு தடவ முழுசா முன்னாடி ஓட்டி திருப்பி சுத்துங்க, வருஷக்கணக்கா சும்மா கெடந்த டேப் அப்பதான் சீரா ஓடும். வீட்ல கேமரா வைக்கிற ட்ரை பாக்ஸ் இருந்தா லென்ஸ் பக்கத்துலயே கேசட்டையும் நிக்க வச்சிருங்க, இல்லாதவங்க காத்து புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்க.