போதைப் பழக்கமும் மனநோயும் சேர்ந்தவர்களுக்கு இசை சிகிச்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மறுவாழ்வு மையங்களுக்கு இசை சிகிச்சை பயில வருகிறவர்களை அருகிலிருந்து பார்த்துவருகிறேன். சுருதி சேராத கருவி, இரைச்சலான அறை போன்றவற்றை அவர்களே திருத்திக்கொள்வார்கள். நோயாளியைப் பாதிக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

"உங்களுக்குப் பிடித்த பாட்டு எது?"

முதல் நாளே இதைக் கேட்டு, உடனே அந்தப் பாட்டை ஒலிக்கவிடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. குடியோடு மனச்சோர்வும் இருந்த லாரி ஓட்டுநர் ஒருவர். குடியை நிறுத்திச் சில வாரங்களே ஆகியிருந்தன. அவர் கேட்ட பழைய பாட்டைப் பயிற்சிக்கு வந்த இளைஞர் போட்டார். ஓட்டுநர் தேம்பி அழுதார். 'மனம் திறந்தார்' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு இளைஞர் வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிரவு ஓட்டுநர் பையோடு வாசலில் நின்றார், வெளியே விடச் சொல்லி. பாரில் உட்கார்ந்தால் அந்தப் பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்வாராம்.

மதுவோடு சேர்த்துப் பல ஆண்டுகள் கேட்ட பாட்டு, குடிக்கும் வேட்கையைக் கிளப்பிவிடும். மனச்சோர்வும் உள்ளவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். சோகப் பாட்டு மனத்தைக் கீழே இழுக்கக்கூடும். அந்தச் சோகத்துக்கு அவர் இதுவரை தேடிய மருந்தோ மது.

ஆகவே முதலில் கேளுங்கள்: அந்தப் பாட்டை எங்கே, யாரோடு கேட்டீர்கள், அப்போது கையில் என்ன இருந்தது? பதிலைச் செவிலியரிடமும் ஆலோசகரிடமும் சொல்லுங்கள். பாட்டை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். டீக்கடையிலும் பஸ்ஸிலும் அது அவர் காதில் விழத்தான் போகிறது. உடலும் மனமும் நிலைப்பட்ட பிறகு, ஆலோசகர் உடனிருக்க, ஒரு சரணம் மட்டும் ஒலிக்கவிடுங்கள். எழுந்த வேட்கை தானாகவே தணிவதை அவர் உணரும்வரை கூடவே இருங்கள். அது தணியும் முன் அவரை அறையைவிட்டு அனுப்பாதீர்கள்.

ராகப் பட்டியல்

தூக்கத்துக்கு நீலாம்பரி என்று எல்லோருக்கும் ஒரே சீட்டு எழுதாதீர்கள். நோயாளியின் அப்போதைய மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கி மெல்ல மாற்றுவது, அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷுலர் 1940-களில் வகுத்த வழி. படபடப்பில் இருப்பவருக்கு எடுத்த எடுப்பில் மிக மெதுவான விளம்ப கால ஆலாபனை எரிச்சலையே தரும்.

காதில் குரல் கேட்பவரை ஹெட்போனுடன் தனியே விடுவது

வேண்டாம்.

"பாட்டு இருக்கிறதே, மாத்திரையைக் குறைக்கலாம்"

மருத்துவர் சொல்லட்டும். நீங்கள் சொல்லாதீர்கள்.

நடுங்கும் கை

இருமுனை மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை சிலருக்குக் கைநடுக்கம் தரும். தாளம் தவறினால் அக்கறையில்லை என்று எண்ணிவிடாதீர்கள். நடுக்கம் கூடி, வாந்தியோ தள்ளாட்டமோ சேர்ந்தால் ரத்தத்தில் லித்தியம் அளவு மிஞ்சியிருக்கலாம். அமர்வை அங்கேயே நிறுத்தி மருத்துவரைக் கூப்பிடுங்கள்.