ஒரே வெட்கம், மூன்று ஆங்கிலச் சொற்கள்

சிங்கப்பூருக்கு வந்த புதிதில் ஒரு கூட்டத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போய்விட்டேன். ‘ஐ ஆம் அஷேம்ட்’ என்று மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் என் மேசைக்கே வந்து, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று மெல்ல விசாரித்தார். அவர் போனதும் பக்கத்து இருக்கைச் சீன நண்பர் சிரித்தார்: “இதுக்கெல்லாம் அஷேம்ட் வேணாம்லா, சும்மா பாய்சேதான்.”

நமக்கு எல்லாமே வெட்கம். புது ஆளைக் கண்டு அம்மா பின்னால் ஒளியும் குழந்தைக்கும் வெட்கம், எம்ஆர்டி ரயில் நிலையப் படியில் தடுக்கி விழுந்தவருக்கும் வெட்கம், நண்பனின் காசை ஏமாற்றியவனுக்கும் வெட்கம். ஆங்கிலத்தில் முதலாவது ஷை. அது சுபாவம், நம் கூச்சம். இரண்டாவது எம்பாரஸ்ட். தப்பு எதுவும் செய்திருக்க வேண்டாம். நாலு பேர் பார்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். மூன்றாவதுதான் அஷேம்ட். யாரும் பார்க்காவிட்டாலும் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். ஹொக்கியன் என்ற சீன வட்டாரமொழியின் ‘பாய்சே’ முதல் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடும். காப்பிக்கடையில் தாராளமாகச் சொல்லலாம், லண்டன் வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதத்தில் வேண்டாம்.

நான் வாங்கிக்கட்டிக்கொண்ட இன்னொரு சொல் ‘பாவம்’. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்ற தோழியிடம் ‘ஐ பிட்டி யூ’ என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. நம் ‘பாவம்’ பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொடும். நேருக்கு நேர் சொல்லும் ‘பிட்டி’யோ மேலே நின்று குனிந்து பார்க்கும், சில நேரம் ஏளனமாகவே காதில் விழும். ‘ஐ ஆம் ஸோ ஸாரி டு ஹியர் தட்’ போதும். இங்கே ஸாரி என்பது மன்னிப்பல்ல, வருத்தம்.

பொறாமையிலும் இரண்டு உண்டு. தம்பி பிறந்ததும் அம்மா மடியை விட்டுக்கொடுக்காத மூத்த பிள்ளை ஜெலஸ்: தன்னுடையது கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம். எதிர்வீட்டுக்காரர் காண்டோ எனும் தனியார் அடுக்குமாடி வீடு வாங்கியதில் புழுங்குபவர் என்வியஸ். ‘என்வி’க்கு மூலமான லத்தீன் சொல், கெட்ட எண்ணத்தோடு பார்ப்பதைக் குறிக்கும். நம் ஊர்க் கண்ணேறுதான். பேச்சில் இரண்டுக்கும் ‘ஜெலஸ்’ என்பது சகஜம்; கட்டுரை எழுதும் பிள்ளைகள் பார்த்து எழுதட்டும். 2007இல் ஆக்ஸ்ஃபர்ட் அகராதிக்குள் நுழைந்த நம்மூர் ‘கியாசு’வை இதோடு குழப்பவேண்டாம், அது பின்தங்கிவிடுவோமோ என்ற பதைப்பு.

‘டென்ஷன் ஆகாதீங்க’ என்பது தமிழ். ஆங்கிலத்தில் கோபமென்றால் ஆங்கிரி, நேர்முகத்துக்கு முன் வயிற்றைக் கலக்கினால் நெர்வஸ், என்ன ஆகுமோ என்று நாள்கணக்கில் தூக்கம் கெட்டால் ஆங்ஷஸ். அலுப்பாக இருந்தால் ‘போர்ட்’. ‘ஐ ஆம் போரிங்’ என்றால், நான் சரியான அறுவை என்று நமக்கு நாமே சான்றிதழ் கொடுத்துக்கொள்கிறோம்.