பேராதனைப் பூங்காவுக்கு ஒரு முழு நாள் வையுங்கள்

கண்டிக்குப் போகிறவர்களுக்கு எல்லோரும் ஒரே மாதிரித்தான் திட்டம் போட்டுக் கொடுப்பார்கள்: காலையில் புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகை, பின்னேரம் பேராதனைத் தாவரவியல் பூங்கா. தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். பூங்கா 147 ஏக்கர். மகாவலி ஆறு அதைச் சுற்றி வளைந்து ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர மழை பிடித்தால் அன்றைய நாள் அதோடு சரி. காலையில் கேற் திறக்கும்போதே போய் நில்லுங்கள். கூட்டம் வருவதற்கு முன் பாதிப் பூங்காவை நடந்துவிடலாம். நடக்க முடியாத பெரியவர்களுக்கு உள்ளே சிறு வண்டிகள் ஓடுகின்றன.

நான் முதலில் போனது பள்ளிக்கூடச் சுற்றுலாவில், யாழ்ப்பாணத்திலிருந்து. ரீச்சர் எங்களை நாகலிங்க மரத்தடிக்குக் கூட்டிப்போனார். பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் 1901இல் நட்ட மரம் அது. காய் கிளையில் இல்லை, அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகத் தொங்கும். கீழே விழுந்து கிடந்த ஒரு பூவை எடுத்து, நடுவில் குட்டியாக இருந்த லிங்கத்தையும், மேலே படம் எடுத்த நாகம்போலக் கவிந்திருந்த இதழையும் விரித்துக் காட்டினார். இந்தமுறை என் மகளுக்கு நானும் அதையே காட்ட நினைத்திருந்தேன்.

பிறகு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கம்பஸ் காலம். கலஹா சந்தியிலிருந்து நடந்தே வந்துவிடுவோம். சோதனைக்கு முந்திய வாரங்களில் பெரிய புல்வெளியில், ஜாவா அத்திமரத்தின் நிழலில் நோட்ஸோடு படுத்துக் கிடப்போம். மேலே மரம் நிறைய வௌவால்கள், பகலிலும் ஓயாத கீச்சல். 1950இல் நட்ட அரசப்பனைச் சாலையில்தான் எல்லோரும் நின்று படம் எடுப்பார்கள். நான் போவது நம் ஊர்ப் பனைகள் நிற்கும் சாலைக்கு. சண்டையால் 1990க்குப் பிறகு நெடுங்காலம் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் வரை ஓடவில்லை. நினைத்த நேரத்தில் வீட்டுக்குப் போக முடியாது. கடிதம் வர மாதங்கள் ஆகும். அந்த நாட்களில் பனையைப் பார்ப்பதற்கென்றே போய் நின்றிருக்கிறேன். படிப்பு முடிந்ததும் கனடாவுக்குப் போய்விட்டேன். ஊரில் இருந்தவர்கள் இருந்தார்கள்.

டிக்கெட் பற்றிச் சொல்லவேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் வெளிநாட்டவர் கட்டணம். உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு. இரட்டைக் குடியுரிமையும் தேசிய அடையாள அட்டையும் உள்ளவர்கள் அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள். அந்தக் கட்டணத்தில் எனக்குக் குறை இல்லை, 1821இல் தொடங்கிய தோட்டத்தைப் பராமரிக்கக் காசு வேண்டும்தானே. ஆனால் விலைப்பலகையைப் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்கள் இதில் எது?" என்று பிள்ளை கேட்பாள். அதற்கு ஒரு பதிலை யோசித்து வைத்துக்கொண்டு போவது நல்லது.

இந்தமுறை எங்கள் பூங்கா நாள் ஒரு கையெழுத்தில் போயிற்று. கண்டிக்குக் கிட்ட, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் அப்பா வாங்கிப்போட்ட ஒரு துண்டுக் காணி இருக்கிறது. சித்தப்பாதான் பார்த்துக்கொள்கிறார். "தம்பி, எல்லை அளக்கிறதுக்கு ஒரு அற்றோணித் தத்துவம் வேணும். ஒரு கையெழுத்துத்தான், போற வழியில முடிச்சிட்டுப் போகலாம்" என்றார். என் சார்பில் செயற்பட அவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம் அது. காலை எட்டரைக்கு காணிப் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசின் கந்தோர் வாசலில் வானை நிறுத்தினோம். அவர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். வந்து சேர்ந்தபோது பதினொரு மணி. பத்திரம் சிங்களத்தில் இருந்தது. பிறகு பெயரில் சிக்கல்: பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகி வேறு மாதிரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி வேண்டும் என்றார்கள். அதற்குச் சமாதான நீதவானைத் தேடி இரண்டு தெரு நடந்தோம். திரும்பி வந்தால் சாட்சிக்காரர் ஒருவரிடம் அடையாள அட்டை இல்லை. வானுக்குள் மகள் சோர்ந்து நித்திரையாகிவிட்டாள்.

பத்திரத்தைத் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள் என்று நான் கேட்டதும் கந்தோரில் பேச்சு நின்றுவிட்டது. வாசித்தார்கள். அளப்பதற்கு மட்டும் இல்லை, விற்கவும் ஈடுவைக்கவும் அதிகாரம் கொடுத்திருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னேன். சித்தப்பா சத்தம் போடவில்லை. "இவ்வளவு காலமும் சோலைவரி கட்டினது ஆர்? வேலி அடைச்சது ஆர்?" என்று மட்டும் கேட்டார். அவர்தான். சண்டை நடந்த வருடங்களிலும் அவர்தான் கட்டினார். நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆனால் வாசிக்கத் தெரியாத பத்திரத்தில் கையெழுத்துப் போடவும் மனம் வரவில்லை. அளப்பதற்கு மட்டும் என்று திருத்தி எழுதி முடிக்க நாலு மணிக்குக் கிட்ட ஆகிவிட்டது. வெளியே மழை.

ஆகவே, தாயகத்தில் காணி உள்ளவர்கள் கவனியுங்கள். பத்திரத்தின் பிரதியைப் புறப்படுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்த மொழியில் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். என்னென்ன செய்ய அதிகாரம் கொடுக்கிறீர்கள், எவ்வளவு காலத்துக்கு என்று அதில் எழுதியிருக்கவேண்டும். அற்றோணித் தத்துவத்தை நீங்கள் இருக்கும் நாட்டின் இலங்கைத் தூதரகத்திலேயே கையெழுத்திட்டு அனுப்பலாம். அங்கே உங்கள் விடுமுறை வீணாகாது. வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் காணி வாங்க 2014ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது, பெற்றோர் வழியில் வரும் காணிக்கு அந்தத் தடை இல்லை. "உனக்கு இனி உரிமையே இல்லை" என்று யாராவது சொன்னால் உடனே நம்பாமல் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். அப்புறம், வரி கட்டிய உறவினருக்கு அந்தக் காசைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். நான் இப்போது அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

பேராதனை தவறிப்போனவர்கள் நுவரெலியாப் பக்கம் போனால் ஹக்கலைப் பூங்காவையாவது விடாதீர்கள். 1861இல் கொய்னா என்ற மலேரியா மருந்துக்காகச் சின்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய இடம். குளிர்ப்பிரதேசம், ரோசாப்பூக்களுக்குப் பெயர்போனது, பேராதனையைவிடச் சிறியது. அரை நாள் தாராளமாகப் போதும். போகும் வழியிலேயே சீதை அம்மன் கோயில் வரும். ஏப்ரல் சீசன் நேரத்தில் மட்டும் போகாதீர்கள், நுவரெலியா வீதியில் வாகன நெரிசலிலேயே பாதி நாள் போய்விடும்.