‘டோக்கியோ ரோஸ்’ பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

“மயக்கும் குரலில் வானொலியில் பேசி அமெரிக்கச் சிப்பாய்களின் மனதைக் கலைத்த ஜப்பானியப் பெண், ஐவா டோகுரி என்கிற டோக்கியோ ரோஸ்.” இரண்டாம் உலகப் போர் பற்றிய கட்டுரைகளில் இப்படி ஒரு வரி அடிக்கடி வரும். பிழைகளில் பல அந்த ஒரு வரிக்குள்ளேயே இருக்கின்றன.

முதலில் பெயர். டோக்கியோ ரோஸ் என்று ஒருவர் இருந்ததே இல்லை. ஜப்பானின் ரேடியோ டோக்கியோ வானொலியில் ஆங்கிலம் பேசிய பெண்கள் பலர். அவர்களையெல்லாம் சேர்த்து அமெரிக்கப் படையினர் வைத்த பட்டப்பெயர் அது. ஐவா 1943 நவம்பரில் மைக் முன்னால் உட்காருவதற்கு முன்பே அந்தப் பெயர் புழக்கத்தில் இருந்தது. அவர் வானொலியில் சொல்லிக்கொண்ட பெயர் ‘ஆர்ஃபன் ஆன்’.

மயக்கும் குரலும் கதைதான். அவரைத் தேர்ந்தெடுத்தவர், போர்க்கைதியாகி அந்த வானொலியில் வேலை செய்ய வைக்கப்பட்ட ஆஸ்திரேலிய மேஜர் சார்லஸ் கசன்ஸ். நிகழ்ச்சியைக் கேலிக்கூத்தாக்கக் கரகரத்த குரல் வேண்டும் என்றுதான் இவரைப் பிடித்ததாக அவரே பின்னால் சொன்னார்.

‘ஜப்பானியப் பெண்’ என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துவது. ஐவா பிறந்தது லாஸ் ஏஞ்சலிஸில், அதுவும் 1916 ஜூலை 4 அன்று, அமெரிக்கச் சுதந்திர தினத்தில். உடம்பு சரியில்லாத சித்தியைப் பார்க்க 1941-இல் ஜப்பான் போனவர், போர் மூண்டதும் அங்கேயே மாட்டிக்கொண்டார். அமெரிக்கக் குடியுரிமையை விட்டுவிடு என்று போலீஸ் எவ்வளவோ நெருக்கியும் மறுத்தார். விட்டிருந்தால் தேசத்துரோக வழக்கே வந்திருக்காது. எதிரி நாட்டுப் பிரஜை மேல் அந்தக் குற்றத்தைச் சுமத்த முடியாதே! அவரை ஜப்பானியர் என்று எழுதினால் கதையின் முதுகெலும்பே போய்விடுகிறது.

அப்புறம் தீர்ப்பு. 1949-இல் சான் பிரான்சிஸ்கோவில் சுமத்தப்பட்ட எட்டுக் குற்றச்சாட்டுகளில் ஏழு நிற்கவில்லை. நின்ற ஒன்று, 1944 அக்டோபரில் அமெரிக்கக் கப்பல்கள் மூழ்கியது பற்றி மைக்கில் பேசினார் என்பது. அதற்கு 10 ஆண்டு சிறை, 10,000 டாலர் அபராதம். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன முக்கியமான இருவர், மிரட்டிப் பொய் சொல்ல வைத்தார்கள் என்று 1976-இல் சிகாகோ ட்ரிப்யூன் நிருபரிடம் ஒப்புக்கொண்டார்கள். மறு வருடம் ஜனவரி 19 அன்று, பதவி முடிய ஒரு நாள் இருக்கையில், ஜனாதிபதி ஃபோர்டு மன்னிப்பு வழங்கினார். இதை ‘நிரபராதி என விடுதலை’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. மன்னிப்பு வேறு, தீர்ப்பு ரத்தாவது வேறு. சிறையிலிருந்து அவர் வெளியே வந்தது 1956-லேயே.

ஜெர்மனிக்காக வானொலியில் பேசிய ‘ஆக்சிஸ் சாலி’ மில்ட்ரெட் கில்லர்ஸ், ‘லார்ட் ஹா-ஹா’ வில்லியம் ஜாய்ஸ் ஆகியோரோடு இவரை ஒரே மூட்டையில் கட்டுவதும் சரியல்ல. ஜாய்ஸ் நாஜிக் கொள்கையை நம்பியே ஜெர்மனி போனவர். அதற்காக ஐவாவைத் தெய்வமாக்கவும் வேண்டாம். சம்பளம் வாங்கிக்கொண்டு எதிரி வானொலியில் பேசியது உண்மைதான்.

2006 ஜனவரியில் அமெரிக்க முன்னாள் படைவீரர் அமைப்பு ஒன்று அவருக்கு விருது கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று, 90 வயதில், சிகாகோவில் இறந்தார். உலகெங்கும் இரங்கல் செய்திகள் வந்தன. நடந்தது என்ன என்பதைப் பலரும் உள்ளே விளக்கியிருந்தார்கள். தலைப்பில் மட்டும் மறுபடியும் ‘டோக்கியோ ரோஸ்’.