ஆண் குழந்தைக்கு அரிதான பழைய கார்னிஷ் பெயர் தேடுவது எப்படி?

என் கணவர் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வால்காரர். பையனுக்கு அந்த மண்ணின் பழைய பெயர் வேண்டும், ஆனால் வகுப்பில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வீட்டில் பேசி முடிவெடுத்தோம். அதற்கு நான் தேடிய வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். கார்னிஷ் என்பது கார்ன்வாலின் பழைய மொழி, வேல்ஷ், பிரெட்டன் மொழிகளின் சொந்தக்காரி என்ற அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

படி 1: வரைபடத்தை விரியுங்கள்

குழந்தைப் பெயர் செயலிகளை முதலில் மொபைலிலிருந்து தூக்கிவிடுங்கள். வேல்ஷ் பெயர், பிரெட்டன் பெயர், போன தலைமுறையில் யாரோ புதிதாக உருவாக்கிய பெயர் எல்லாவற்றையும் கலந்து கட்டி 'கார்னிஷ்' என்று தருகிறார்கள். அதைவிட கார்ன்வால் வரைபடம் நல்லது. அங்கே பாதி ஊர்கள் புனிதர்களின் பெயரில்தான் இருக்கின்றன. பெரன்போர்த், பெரன்சாபுலோ என்ற ஊர்களில் பெரன் (பிரன் என்றும் எழுதுவார்கள்) இருக்கிறார். தகரச் சுரங்கக்காரர்களின் காவலரான அவருக்கு மார்ச் 5 திருநாள். லிட்டில் பெதரிக் ஊரில் பெட்ராக், ஜெரன்ஸில் கெரன், ரூவன் மைனரில் ரூவன் என்று குறித்துக்கொண்டே போகலாம்.

ஒரு எச்சரிக்கை: எல்லாப் புனிதர்களும் ஆண்கள் இல்லை. செயின்ட் ஐவ்ஸ் ஊரின் புனிதர் ஈயா ஒரு பெண். மார்வென்ஸ்டோவின் மார்வென்னா, செயின்ட் எண்டெலியனின் எண்டெலியெண்டா இருவரும் பெண்கள். பெயரைக் குறிக்கும்போதே ஆணா பெண்ணா என்று பார்த்துவிடுங்கள்.

படி 2: அந்தப் பெயரில் மனிதர்கள் வாழ்ந்தார்களா?

பலரும் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக. ஊர்ப் பெயரில் ஒரு புனிதர் இருப்பதாலேயே அது குடும்பங்களில் புழங்கிய பெயர் ஆகிவிடாது. இங்கிலாந்தில் தேவாலயப் பதிவேடுகள் 1538-இல் தொடங்கின. கார்ன்வாலுக்கு 'கார்ன்வால் ஓபிசி' என்ற இலவச இணையத் தரவுத்தளம் இருக்கிறது. தன்னார்வலர்கள் அந்தப் பதிவேடுகளைப் படியெடுத்து ஏற்றியிருக்கிறார்கள். காசு கட்டிப் பார்க்கும் வம்சாவளித் தளங்களைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். ஞானஸ்நானப் பகுதியில் 1700-க்கு முந்தைய ஆண்டுகளை மட்டும் பாருங்கள். அக்காலத்தில் எழுத்துக்கூட்டலுக்கு விதி கிடையாது. பாஸ்கோ என்ற பெயருக்கே மூன்று நான்கு வடிவங்கள் இருக்கும், எல்லாவற்றையும் போட்டுத் தேட வேண்டும்.

பாஸ்கோ, டிகரி போன்ற பெயர்கள் முதல் பெயராகவே கிடைத்துவிடும். (ஈஸ்டரையொட்டிப் பிறந்தவனுக்கு பாஸ்கோ என்று வைப்பார்கள். நம் ஊர் 'பாஸ்கா'வுக்கும் வேர் ஒன்றுதான்.) ஜேம்ஸின் கார்னிஷ் வடிவமான ஜேகோ அப்படிச் சுலபத்தில் கிடைக்காது. எழுதிய குருக்கள் ஜேம்ஸ் என்றோ லத்தீனில் யாகோபுஸ் என்றோ எழுதி வைத்திருப்பார். வீட்டில் ஜேகோ, ஏட்டில் ஜேம்ஸ்.

அப்போது குடும்பப் பெயர் பத்தியைப் பாருங்கள். கார்ன்வாலின் மேற்குப் பகுதியில் 16-ஆம் நூற்றாண்டு வரைகூட அப்பாவின் பெயர் பிள்ளைக்குப் பின்பெயராக வருவது உண்டு. நம் இனிஷியல் மாதிரிதான். அதனால் ஜேகோ, கிட்டோ, பாஸ்கோ என்று குடும்பப் பெயர்கள் இருந்தால், அந்தப் பெயரில் ஓர் அப்பா இருந்திருக்கிறார் என்று பொருள். ஆனால் 'ட்ரெ', 'பொல்', 'பென்' என்று தொடங்கும் குடும்பப் பெயர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை இடப்பெயர்களிலிருந்து வந்தவை.

இடப்பெயரே முதல் பெயராக மாறியதும் உண்டு. ஹாலிவுட் நடிகர் டென்சல் வாஷிங்டனின் 'டென்சல்' கார்ன்வாலில் உள்ள ஓர் இடத்தின் பெயர்தான். அது குடும்பப் பெயராகி, பிறகு முதல் பெயரும் ஆனது. 1642-இல் சார்லஸ் மன்னர் கைது செய்ய வந்த ஐந்து எம்.பி.க்களில் ஒருவரான டென்சில் ஹோல்ஸுக்கும் இதே பெயர். இத்தகைய பெயரை மரபு என்று ஏற்பதா என்பது உங்கள் விருப்பம். நான் ஏற்பேன்.

இன்னும் பின்னால் போக ஆசையா? 10, 11-ஆம் நூற்றாண்டுகளில் கார்ன்வாலின் பாட்மின் ஊரில் விடுதலை பெற்ற அடிமைகளின் பெயர்கள் ஒரு நற்செய்தி ஏட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. ஏடு இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. படிக்க அருமையாக இருக்கும், ஆனால் அதிலுள்ள பல பெயர்கள் பள்ளி ஆசிரியர் வாயில் நுழையாது.

படி 3: இன்று அரிதா?

இங்கிலாந்து, வேல்ஸுக்கான தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஆண்டுதோறும் பெயர்ப் பட்டியலை வெளியிடுகிறது. அதை எக்செலில் இறக்கிக்கொள்ளுங்கள். ஒரே ஆண்டில் 3 பேருக்காவது வைத்த பெயர்தான் அதில் வரும். தேடிய பெயர் அதில் இல்லையென்றால் அது உண்மையிலேயே அரிது. பழமை வேறு, அரிது வேறு. ஃபோயி ஊருக்கு அருகில் 6-ஆம் நூற்றாண்டுக் கல்லில் ட்ருஸ்தானுஸ் என்று பொறித்திருக்கிறது, ட்ரிஸ்டன் பெயரின் பழைய வடிவம் அது. ஆனாலும் ட்ரிஸ்டன்கள் இன்று எங்கும் இருக்கிறார்கள். ஜேகோவும் இப்போது பரவலாகிவிட்டது.

படி 4: எழுத்துக்கூட்டல்

கார்னிஷுக்குப் பொது எழுத்துமுறை 2008-இல்தான் முடிவானது, அதற்கு முன் பல முறைகள் போட்டி போட்டன. அதனால் ஒரே பெயரை மூன்று விதமாகப் பார்ப்பீர்கள். எது பிடிக்கிறதோ அதை எடுங்கள். ஆவணங்கள் எல்லாவற்றிலும் அதையே எழுதினால் போதும்.

படி 5: சத்தமாகக் கூப்பிடுங்கள்

இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டியிடமும் சொல்லிப் பாருங்கள். கெரன் என்பதில் முதல் எழுத்து 'கங்கை'யில் வரும் இரண்டாவது 'க' மாதிரி ஒலிக்க வேண்டும். தமிழில் எழுதிக் கொடுத்தால் அது வராது. கிறிஸ்டோபரின் செல்லப் பெயரான கிட்டோவைச் சொன்னதும் என் அம்மா, "கிட்டுன்னு சொல்லு" என்று முடித்துவிட்டார். பையனுக்கு என்ன பெயர் வைத்தோம் என்று இங்கே எழுதப் போவதில்லை, அது அவன் விஷயம்.

இங்கிலாந்தில் பிறந்த 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். அதனால் படி 2-ஐ கர்ப்ப காலத்திலேயே முடித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: படி 3-இல் பிரனைத் தேடினால் எண்ணிக்கை மிகக் குறைவாக வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தப் பட்டியல் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் தனிப் பெயராக எண்ணுகிறது. பிரன், பெரன் இரண்டையும் எல்லா எழுத்துக்கூட்டல்களிலும் தேடிக் கூட்டிப் பாருங்கள்.

இன்னொன்று: பதிவு செய்த பிறகு மனம் மாறினால், 12 மாதங்களுக்குள் வைத்த புதிய முதல் பெயரைப் பிறப்புப் பதிவில் சேர்க்க வழி இருக்கிறது. அதற்குத் தனிப் படிவமும் கட்டணமும் உண்டு.