ஸ்டோரேஜ் ஹீட்டர் வீட்டில் கரண்ட் பில் இறங்கிய விதம்

இங்கிலாந்தில் கேஸ் இணைப்பு இல்லாத ஃபிளாட்டுகளில் பெரும்பாலும் ஸ்டோரேஜ் ஹீட்டரும் ‘எகானமி 7’ திட்டமும்தான். இரவில் ஏழு மணி நேரம் கரண்ட் மலிவு; அப்போது ஹீட்டருக்குள் இருக்கும் கற்கள் சூடேறி, பகலில் அந்தச் சூட்டை விடும்.

எங்கள் பில் எகிறியதற்குக் காரணம் அவுட்புட் குமிழ், அதாவது சேர்ந்த சூட்டை எவ்வளவு வேகமாக வெளியே விடுவது என்பதைத் தீர்மானிக்கும் குமிழ். அதை எப்போதும் உச்ச அளவான 6-லேயே விட்டிருந்தோம். மதியத்துக்குள் சூடெல்லாம் போய்விடும். மாலைக் குளிருக்கு 2 கிலோவாட் ஃபேன் ஹீட்டர்: பகல் ரேட்டில் மணிக்கு 2 யூனிட்! இப்போது படுக்கும் முன் அவுட்புட் 1. மாலை ஐந்துக்குமேல்தான் கூட்டுவது.

இன்புட் குமிழ்தான் எவ்வளவு சூடு சேரும் என்பதைத் தீர்மானிக்கும். 3.4 கிலோவாட் ஹீட்டர் ஏழு மணி நேரமும் இழுத்தால் 23.8 யூனிட். கடுங்குளிர் இல்லாத நாளில் அதில் பாதி போதும். இன்று திருகினால் பலன் நாளைக்குத்தான் தெரியும். அது புரியாமல் பலர் மேலும் மேலும் திருகுவார்கள்.

மலிவு நேரத்துக்குள் அரை மணி இடைவெளியில் இரண்டு முறை மீட்டரைப் பாருங்கள். அதில் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு எண்கள் இருக்கும்; அப்போது இரவு எண் மட்டுமே ஏற வேண்டும். பகல் எண் ஏறினால் டைமர் தவறியிருக்கலாம், ரேட் மாறிப் பதிவாகியிருக்கலாம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும்போது பழைய டைமர்கள் மாறாது. இரவு 12:30 – காலை 7:30 என்பது 1:30–8:30 ஆகிவிடும். வாஷிங் மெஷினை அதற்கேற்ப ஓட்டுங்கள்.

வெந்நீர்த் தொட்டியில் கீழே இருக்கும் சூடாக்கும் கம்பி இரவு ரேட்டில் ஓடும். மேலே இருக்கும் ‘பூஸ்ட்’ (அவசரத்துக்குச் சூடாக்கும் கம்பி) பெரும்பாலும் பகல் ரேட், அணைத்தே வையுங்கள்.